முயலுக்குப் பூட்டிய லெவல் குழாய்

ஐயா,

சவர்க்காரம் கிடைக்காமல் சனம் பனங்காயைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த வருடம் அது. கரண்ட் நின்று இரண்டு மாரி போயிருந்தது. உங்கள் படலைக்கு முன்னால் நின்ற லைற் போஸ்றில் பாகற்கொடி ஏறி, கம்பி வழியே போய், காய் நடு றோட்டுக்கு மேலே தொங்கியது. ஆனையிறவால் பாதை இல்லை. கிளாலியில் வள்ளம் ஏறித்தான் சனம் வவுனியாப் பக்கம் போனது. அது எந்த வருடம், இலக்கத்தில் சொல்லுங்கள் என்று இதை எழுதுகிற பிள்ளை கேட்கிறாள். இலக்கத்தில் எனக்குத் தெரியாது. பாகற்காய் தொங்கின வருடம் என்று எழுதச் சொன்னேன். உங்களுக்கு விளங்கும்.

எழுதுகிறவள் சங்கக்கடை மனேச்சரின் மகள். கதைக்கிற மாதிரி எழுதமாட்டேன், கடிதத்துக்குரிய மாதிரித்தான் எழுதுவேன் என்று நிற்கிறாள். எழுதட்டும். எழுத்தில் பிழையிருந்தால் அவளுடையது, சொன்னதில் பிழையிருந்தால் என்னுடையது.

உங்கள் கொட்டிலில் குடியிருந்த தவராசாவின் மனைவி பவளத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆமிக் காம்புக்குள் அகப்பட்டிருந்த அவர்களுடைய காணியை இவ்வளவு காலத்துக்குப் பிறகு விட்டிருக்கிறார்கள். போன கிழமை அதை அளக்க ஒரு சேவயர் தம்பி வந்தான். எல்லைக்கல் தெரியவில்லை, வேலி இல்லை, வீடு நின்ற இடமே தெரியவில்லை. பழைய பிளானில் இருப்பது உங்கள் கையெழுத்து. நீங்கள் அளந்த அன்று அளவுத் தடி பிடித்தவன் நான். அதனால் கல்லுகள் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லிப் பவளம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

தம்பி மஞ்சள் நிற மெசின் ஒன்றை முக்காலியில் ஏற்றி வைத்திருந்தான்.

"அப்பு, பழைய ஆள் எண்டு சொல்லிச்சினம். ஒருக்காப் பாருங்கோவன்."

குனிந்து கண்ணை வைத்தேன். தூரத்தில் பவளம் குடையோடு நின்றாள். குடை மேலே இருந்தது, செருப்பு கீழே இருந்தது.

"தம்பி, ஆள் நேரா நிக்குது."

"பின்னை எப்பிடி அப்பு நிக்கும்?" என்று சிரித்தான்.

அப்படியே மண்ணில் இருந்துவிட்டேன். வெயில் அடித்துவிட்டது என்று தண்ணீர் தந்தார்கள். வெயில் இல்லை ஐயா. நீங்களும் நானும் முயலுக்குப் பூட்டிய குழாய்தான் கண்ணுக்குள் வந்தது. அதில் நான் கண்டதை உங்களிடம் இன்னும் ஒருதரம் சொல்லிப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. சொன்னால் இந்தமுறையாவது எனக்கு விளங்குமோ தெரியாது.

அந்த வருடம் உங்களுக்கு வேலை இல்லை. "நாளைக்கு ஆரிட்டை இருக்குமெண்டு தெரியாத காணிக்கு ஆரடா எல்லை போடுவான்" என்பீர்கள். உங்களுக்கு வேலை இல்லாவிட்டால் எனக்கும் இல்லை. இருந்தாலும் விடிய எழும்பி உங்கள் வளவுக்குத்தான் வருவேன். தோட்டத்தில் பயறு போட்டிருந்தோம். முளைத்து இரண்டு இலை விட, வெளியில் இருந்து முயல் வந்து ஒரு வரி விடாமல் கடித்துவிட்டுப் போகும். உங்கள் வீட்டு அம்மா குசினி வாசலில் நின்று சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"ஊருக்கெல்லாம் எல்லை அளந்து குடுத்தியள். முயலுக்கு மட்டும் பிளானைக் காட்டேல்லைப் போலை."

அன்று பின்னேரம்தான் முகட்டில் செருகியிருந்த காற்றுத் துவக்கை இறக்கினீர்கள். உங்கள் மாமனார் மலாயாவில் இருந்து கொண்டுவந்தது. ஆயுதம் தேடி வந்தவர்கள் இரண்டு முறை அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். ஈயச் சன்னம் ஒரு தகர ரின் நிறைய இருந்தது. பனங்கொட்டை ஒன்றை மதிலில் வைத்துச் சுட்டீர்கள். மதிலிலும் படவில்லை. உங்களுக்குக் கிட்டப் பார்வை போயிருந்தது, துவக்கின் நுனிக் குறி உங்களுக்கு இரண்டாகத் தெரிந்தது.

"ஒரு சங்கிலித் தூரத்துக்குள்ளை, அறுபத்தாறு அடிக்குள்ளை, தலையிலை பட்டால்தான் இதாலை முயல் விழும். வெறுங்கண்ணாலை ஏலாது கணபதி. கண்ணாடி ஒண்டு வேணும்."

கண்ணாடிக்கு நாங்கள் அலைந்த அலைச்சல். குருநகரில் ஒருவர் கப்பல்காரரிடம் வாங்கிய தூரக்கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் வைத்திருந்தார். நல்ல கண்ணாடி, நானும் பார்த்தேன், கோயில் கோபுரத்தில் இருந்த புறாவின் கண் தெரிந்தது. வாங்கிக்கொண்டு பாதி வழி வந்தபிறகு நீங்கள் சைக்கிளை நிற்பாட்டினீர்கள்.

"இதோடை பிடிபட்டால் ஆருக்கு வேவு பாத்தனி எண்டு கேப்பாங்கள். இந்தப் பக்கத்தாலும் கேப்பாங்கள், அந்தப் பக்கத்தாலும் கேப்பாங்கள். முயலுக்கு எண்டால் ஆர் நம்புவான்?"

திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் கண்ணாடியை வாங்கி வைத்துவிட்டு நாயை அவிழ்த்துவிட்டார்.

பிறகுதான் அந்த யோசனை உங்களுக்கு வந்தது. வேறு எந்த மனிதனுக்கும் அது வந்திராது. உங்களிடம் நில மட்டம் பார்க்கிற லெவல் மெசின் இரண்டு இருந்தன. பழையதில் அடித் திருகாணி முறிந்து பெட்டிக்குள் கிடந்தது. அதன் கண்ணாடி பூட்டிய பித்தளைக் குழாயைக் கழற்றித் துவக்கின் முதுகில் வைத்து, சைக்கிள் ரியூப்பைக் கீலம் கீலமாகக் கிழித்து இறுக்கிக் கட்டினீர்கள். சேவயரிடம் சேவயரின் குழாய் இருந்தால் ஆரும் ஒன்றும் கேட்கமாட்டான் என்பது உங்கள் கணக்கு. உள்ளே குறி பார்க்க இருந்த குறுக்கு மயிர் அறுந்திருந்தது. கிணற்றடி வாழையில் இருந்து சிலந்தி நூல் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினீர்கள். என்னையும் மூச்சு விடவேண்டாம் என்றீர்கள்.

உங்களோடு இருபது வருடம் தடி பிடித்திருக்கிறேன். ஆனால் அந்தக் குழாய்க்குள் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. அன்றுதான் முதல்முதல் பார்த்தேன். முற்றத்தில் நின்ற ஆடு காலை மேலே நீட்டிக்கொண்டு வானத்தில் தொங்கியது.

"ஐயா, ஆடு செத்துப்போச்சு."

நீங்கள் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "உள்ளை எல்லாம் தலைகீழ்தான்ரா. மேலை எண்டால் கீழை. வலம் எண்டால் இடம். உன்ரை தடியிலை இலக்கம் ஏன் தலைகீழா எழுதியிருக்கு எண்டு இவ்வளவு நாளும் நீ யோசிக்கேல்லையே? எனக்கு நேராத் தெரியத்தான்."

ஐயா, எனக்குத் தெரிந்த கொஞ்ச இலக்கமும் அந்தத் தடியைப் பார்த்துப் பிடித்ததுதான். சந்தையில் ஆறையும் ஒன்பதையும் நான் மாறிச் சொல்கிறேன் என்று சனம் சிரித்த காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது.

விளக்குப் பிரச்சினை அடுத்தது. ரோச் லைற் இருந்தது, பற்றரி இல்லை. பழைய பற்றரிகளை ஓட்டில் காயவைத்தோம், குண்டூசியால் குத்தி உப்புத் தண்ணீர் விட்டோம். பற்றினால் பீடி நெருப்பளவு வெளிச்சம். பெற்றோமக்ஸ் கொண்டு போகலாம் என்றேன். மண்ணெண்ணெய் மருந்து போலக் கிடைத்த காலம், அதோடு அதன் வெளிச்சம் நாலு பக்கமும் போகும், மேலேயும் போகும். மேலே போகிற வெளிச்சத்துக்கு மேலே இருந்து பதில் வரும் என்று அம்மா சொன்னா. ஊர் எல்லாம் எரித்த, திரியளவு வெளிச்சம் தருகிற ஜாம் போத்தல் விளக்கை நீங்கள் நினைத்தும் பார்க்கவில்லை.

டைனமோவைத் தந்தது தவராசா. வடக்கே இருந்து ஒரு சைக்கிளோடும் பவளத்தோடும் ஓடி வந்து, உங்கள் புகையிலைக் கொட்டிலில் இருந்த மனிதன். இரவில் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு மிதித்து, அந்தக் கரண்டில் றேடியோச் செய்தி கேட்பான். விளக்குக்குச் சைக்கிள் கேட்டபோது உடனே உருட்டிக்கொண்டு வந்தான்.

"கொண்டுபோங்கோ. இவ்வளவு நாளும் செய்திக்கு மிதிச்சன், ஒண்டும் வரேல்லை. உங்களுக்கு முயலாவது வரட்டும்."

சைக்கிள் விளக்கைக் கழற்றித் துவக்கின் கீழே கட்டி, வெளிச்சம் சிதறாமல் பால்மா ரின் ஒன்றை வெட்டி மூடினீர்கள். அதில் இருந்து நீட்டு வயர் சைக்கிளுக்குப் போனது. நான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து மிதிகட்டையைக் கையால் சுழற்றவேண்டும். சுழற்றினால் வெளிச்சம், விட்டால் இருட்டு. டைனமோ சில்லில் உரசிச் சத்தம் போடும். முயல் ஓடாதோ என்று கேட்டேன். "மில் ஓடுது எண்டு நினைச்சு இருக்கும்" என்றீர்கள்.

ஊருக்கு வடக்கே உள்ள வெளிக்குப் போனோம். வெளிக்குக் குறுக்கே ஒரு ஒற்றையடித் தடம் போகிறது, நினைவிருக்கும். நாங்கள் வடக்குப் பார்த்து நின்றால் அந்தத் தடம் முன்னால் மூன்று சங்கிலி தள்ளி. வலக்கைப் பக்கம் கிழக்கு. அப்படியே நடந்தால் கைதடியில் இறங்கி, கிளாலிக்குப் போகலாம். இடக்கைப் பக்கம் மேற்கு. அதால் போனால் பெரிய றோட்டைத் தாண்டி, சனம் எழும்பிப்போன ஊர்களுக்குள்ளால் காம்ப் எல்லைக்கு, தவராசாவின் பழைய வீட்டுப் பக்கம் போகும். அதை இங்கே சொல்லிவைக்கிறேன். மிச்சம் எல்லாம் அந்த இரண்டு கைப் பக்கத்தில்தான் இருக்கிறது.

முதல் இரவு ஒன்றும் வரவில்லை. இரண்டாம் இரவு ஒரு முயல் வந்து இருந்தது, கண் இரண்டும் சிவப்பாக மினுங்கியது. நீங்கள் சுட்டீர்கள். துவக்கு உதைக்க, ரியூப்பில் இருந்து குழாய் வழுக்கிப் பின்னால் வந்து உங்கள் வலக் கண்ணில் இடித்தது. முயல் கொஞ்ச நேரம் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் போனது. விடிய உங்கள் கண் நாவற்பழம் போலக் கறுத்து மூடிவிட்டது.

அம்மா ஒத்தடம் போட்டுக்கொண்டே கேட்டா: "முயலிட்டையும் துவக்கு இருந்ததோ?"

அதனால்தான் என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். அதனால்தான் எல்லாம்.

ஐந்து நாள் பகலில் என்னைப் பழக்கினீர்கள். வேலிக்கு அங்காலே ஆட்டை நடக்கவிட்டு, நான் குழாய்க்குள்ளால் பார்த்துச் சொல்லவேண்டும். ஆடு கண்ணாடியில் இடப்பக்கம் போகும், நான் வலம் என்று சொல்லவேண்டும். முதல் நாள் பத்துக்கு எட்டுப் பிழை.

"கண் கண்ணாடியைப் பாக்கட்டும். வாய் வெளியைச் சொல்லோணும். திருப்பிப்போட்டுச் சொல்லு. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு ஐயா."

"வலக்கை எங்கை?"

இடக்கையைத் தூக்கினேன். கொட்டில் வாசலில் இருந்த தவராசா விழுந்து விழுந்து சிரித்தான். ஐந்தாம் நாள் எனக்குப் பிழை வரவில்லை. யோசிக்காமலே வாய் திருப்பிச் சொல்லிவிடும். அதுதான் ஐயா வினை. யோசித்துத் திருப்பியிருந்தால் திருப்பியது நினைவிருக்கும்.

அந்த ஐந்தாம் நாள் பின்னேரம், குழாய் வழுக்காமல் நாங்கள் கம்பி சுற்றிக்கொண்டிருக்க, கொட்டிலுக்குள் பவளத்தின் சத்தம் கேட்டது. நீங்கள் கேட்காத மாதிரி இருந்தீர்கள். நானும் அப்படியே இருந்தேன். அவள் தையல்காரி. ஓடி வந்த அன்று கைத் தையல் மெசின் அங்கே அந்த வீட்டிலே தங்கிவிட்டது.

"ஊரிலை மற்ற ஆம்பிளையள் இரவிலை தங்கடை வீடுகளுக்குப் போய்த் தேங்காயும் ஓடும் எடுத்துக்கொண்டு வருகினம். என்ரை மெசினை ஆமிக்காறன் வைச்சுக் காற்சட்டை தைக்கட்டும். நீங்கள் இஞ்சை இருந்து சைக்கிளை மிதியுங்கோ."

"அங்கை போறவங்கள் எல்லாம் திரும்பி வாறாங்களே? நான் வவுனியாவுக்கு அண்ணையிட்டைப் போறன். ஒரு வேலை எடுத்துக்கொண்டு உன்னைக் கூப்பிடுறன்."

"போறதெண்டால் போங்கோ. ஆர் மறிச்சது?"

கொஞ்ச நேரத்தில் தவராசா வெளியில் வந்து, பச்சைக் கோடு போட்ட உரப்பை ஒன்றை உதறி மடித்து வைத்ததைக் கண்டேன். பவளம் அதற்குச் சிவப்புத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்து, "கணபதி அண்ணை, இண்டைக்கெண்டாலும் சுடுவியளோ, இல்லாட்டி முயலைக் கூப்பிட்டு வலம் இடம் கேப்பியளோ" என்றான்.

அன்று இரவு நீங்கள் சைக்கிளைச் சுழற்றினீர்கள். நான் குழாயில் கண்ணை வைத்து, மற்றக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். சிலந்தி நூலுக்குக் குறுக்கே புல்லு மட்டும் தெரிந்தது. திருகாணியைத் திருகித் தூரத்தைப் பார்த்தேன். தடம் வந்தது. தடத்தில் கால் வந்தது.

இரண்டு கால், வெறுங்கால், மேலே நடந்தன. அதற்குக் கீழே இடுப்பில் கட்டிய சாரம். சாரத்தோடு ஒரு பை. பையில் சிவப்பு ஒட்டு. தலை தெரியவில்லை, குழாய்க்குள் அவ்வளவுதான் அடங்கும். நாலு எட்டு, ஐந்து எட்டு.

"ஆள், ஐயா. தவராசா."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம் போறான்."

நீங்கள் பயந்து கையை விட்டுவிட்டீர்கள். வெளிச்சம் செத்துப்போனது. மூடியிருந்த கண்ணைத் திறந்தேன், இருட்டு. பேர் சொல்லிக் கூப்பிடவும் பயம். டைனமோ சில்லு தானாகச் சுற்றி நிற்கிற சத்தம்தான் கேட்டது.

அது நின்றபிறகு நீங்கள் மெல்லக் கேட்டீர்கள்.

"கணபதி. கண்ணாடியிலை வலமோ, வெளியிலை வலமோ?"

"வெளியிலை."

"திருப்பினியோ?"

"திருப்பினன் எண்டுதான் நினைக்கிறன்."

துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தக் குழாயால் ஒரு முயல்கூடச் சாகவில்லை.

விடிய, பவளம் கிணற்றடியில் என்னை மறித்தாள். தலை முடியவில்லை.

"கணபதி அண்ணை, இரவு வெளியிலை நிண்டனியள் எல்லே. இவரைக் கண்டியளோ?"

"கண்டனான்."

"எந்தப் பக்கம் போனவர்?"

நீங்கள் வாளியோடு அங்கேயே நின்றீர்கள். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். மேற்கு என்றால் அவள் சொல்லித்தான் அவன் போனான். கிழக்கு என்றால் அவளை விட்டுவிட்டுப் போனான்.

"கிழக்கை போனவர். கிளாலிப் பக்கம்."

அவள் கிணற்றுக் கட்டில் இருந்தாள். முதலில் முகம் இளகியது. பிறகு கோபம் வந்தது. "சொல்லாமல் போட்டார். சொல்லிப்போட்டுப் போயிருந்தால் நான் என்ன காலிலை விழுந்து மறிக்கப்போறனோ" என்றாள். எழும்பிப் போய்க் கொட்டிலைக் கூட்டத் தொடங்கினாள். கூட்டுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

அன்று மத்தியானம் நீங்கள் குழாயைக் கழற்றிக்கொண்டே சொன்னது, இப்போதும் காதில் இருக்கிறது.

"கிளாலிக்குப் போறவன் தன்ரை சைக்கிளைக் கேளாமல் போவானோடா?"

"எங்களிட்டைக் கேக்க வெக்கப்பட்டிருப்பார் ஐயா."

"இருக்கும்" என்றீர்கள். கம்பியைச் சுருட்டிக்கொண்டே, "பை நிறைஞ்சிருந்ததோ, வெறும் பையோ?" என்று கேட்டீர்கள்.

தலைகீழாகத் தொங்கிய பை. நிறைந்திருந்ததா, மடங்கியிருந்ததா, எனக்குத் தெரியவில்லை. அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. ரோச்சுக்கு நல்ல பற்றரி கிடைத்திருந்தால் அவன் சைக்கிளில் போயிருப்பான், அப்போது போன பக்கம் றோட்டில் நின்ற சனத்துக்கே தெரிந்திருக்கும். குருநகர்க் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தால் நான் நேராகப் பார்த்திருப்பேன். இதையெல்லாம் ஒரு முயலுக்காக இருந்து இருந்து தெரிந்தெடுத்தோம்.

வவுனியாவில் இருந்த அண்ணன்காரன், தம்பி வரவில்லை என்று ஆள் மூலம் சொல்லிவிட்டான். அதாலும் ஒன்றும் முடிவாகவில்லை. கிளாலியில் வள்ளம் ஏறி அக்கரைக்குப் போய்ச் சேராதவர்கள் எத்தனை பேர். போய்ச் சேர்ந்து, கொழும்புக்குப் போய், வெளிநாட்டுக்குப் போய், பெண்டிலை மறந்தவர்களும் இருந்தார்கள். பவளம் அந்தக் கடைசி வகை மனிதன் என்றே அவனை வைத்திருந்தாள். அந்தக் கோபத்தில் எழும்பி நின்றாள், இரவல் மெசினில் தைத்தாள், பேச்சுக்கு வந்தவர்களைத் திருப்பிப் பேசினாள். என்னைக் காணும்போதெல்லாம் ஒருமுறை கேட்பாள், "கிழக்கைதானே அண்ணை?" என்று. "ஓம்" என்பேன். அதோடு அவளுக்கு அன்றைய நாள் சரி.

பிறகு ஒரு வருடம், ஆமி வருகிறான் என்று ஊர் முழுக்க ஒரே இரவில் எழும்பி, மழையில் நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. உங்களைத் தவராசாவின் சைக்கிளில் இருத்தி நான் உருட்டினேன். அம்மா கரியரைப் பிடித்துக்கொண்டு வந்தா. டைனமோ அதிலேயே இருந்தது. சில்லில் பட்டு, விளக்கு இல்லாமல் சும்மா முனகிக்கொண்டு வந்தது. கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்தில் வாங்கு இரண்டைச் சேர்த்து உங்களைக் கிடத்தினோம். இழுப்பு விடவில்லை. மூன்றாம் நாள் என் கையைப் பிடித்தீர்கள்.

"கணபதி, பவளத்திட்டைச் சொல்லிப்போடு. கண்ணாடி தலைகீழ் எண்டு சொல்லு. நீ திருப்பினியோ இல்லையோ எண்டு உனக்கே தெரியாது எண்டு சொல்லு. பேந்து அவள் தன்ரை முடிவை எடுக்கட்டும்."

"ஓம் ஐயா" என்றேன். விடிய முன்னம் நீங்கள் போய்விட்டீர்கள்.

சொல்லவில்லை. இவ்வளவு காலமும் சொல்லவில்லை. சொல்லப் போவேன், அவள் கேட்பாள், "ஓம்" என்று வந்துவிடுவேன். கண்ணை மூடினால் அந்தக் கால்கள் நடக்கின்றன. சில நாள் இடப்பக்கம் போகும், சில நாள் வலப்பக்கம் போகும். இன்றைக்கும் றோட்டில் ஒருவன் என்னைத் தாண்டிப் போனால் என் வாய்க்குள் ஒருமுறை திருப்பிப் போட்டுத்தான் பார்க்கிறேன். உங்களிடம் தடி பிடித்ததில் எனக்கு மிஞ்சியது அதுதான்.

இனிப் போன கிழமைக்கு வருகிறேன். தண்ணீர் குடித்து எழும்பி, கல்லுத் தேடினேன். மூன்று கல்லும் நான் காட்டின இடத்திலேயே இருந்தன. நாலாவது, ஒழுங்கைப் பக்கத்து மூலைக்கல். அந்த ஒழுங்கையால்தான் எங்கள் ஊர்ப் பக்கம் வரவேண்டும். அலவாங்கால் குத்தினேன். கல்லில் படவில்லை, இரும்பில் பட்டது. கையால் மண்ணை விலக்கினேன். ஒரு சின்னச் சில்லு. கறள் தின்றது போக மிச்சம். கைபிடி இருந்த துளையில் வேர் போயிருந்தது.

பவளம் குடையை மடித்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"என்ரை மெசின்ரை சில்லு" என்றாள்.

மெசின் இருந்த அறை அந்த இடத்தில் இருந்து இரண்டு சங்கிலி தள்ளி. ஒருவன் தூக்கிக்கொண்டு அதுவரை வந்திருக்கலாம். "புல்டோசர் தள்ளியிருக்கும்" என்றேன். அதுவும் மெய்யாக இருக்கலாம் ஐயா. அந்தக் காணியில் எது எங்கே இருந்தது, எது எங்கே வந்தது என்று ஆரால் சொல்லமுடியும்.

"ஓம், புல்டோசராத்தான் இருக்கும்" என்றாள். சில்லைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தாள். நான் காத்துக்கொண்டு நின்றேன். கிழக்கைதானே அண்ணை என்று அவள் கேட்கவில்லை. முதல்முறையாகக் கேட்கவில்லை. சொல்வதென்றால் அப்போதுதான் சொல்லவேண்டும், எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்துச் சேவயர் தம்பி பேனையோடு வந்தான்.

"அக்கா, பழைய பிளானிலை தேப்பன், தாய், இரண்டு பொடியள் எண்டு நாலு பேரின்ரை பேர் கிடக்கு. வீட்டுத்திட்டத்துக்குக் குடுக்கிறதெண்டால் இதிலை ஆர் ஆர் உயிரோடை எண்டு நான் எழுதோணும். எல்லாரும் செத்ததெண்டால் உங்களுக்குச் சுகம். காணி உங்கடை பேருக்கு வரும். ஆரும் உயிரோடை எண்டால் இழுபடும்."

பவளம் சில்லை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்புவைக் கேளுங்கோ தம்பி. கடைசியாக் கண்டது அவர்தான். அவர் சொல்லுறதை எழுதுங்கோ."

அவள் என்னைப் பார்க்கவில்லை. சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஒரு பக்கம் வீட்டுத்திட்டம் தெரிந்தது. ஒரு பக்கம் கிணற்றுக்கட்டில் தலை முடியாமல் இருந்த அவளுடைய முகம் தெரிந்தது. இவ்வளவு நாளும் கோபித்துக்கொண்டு இருக்க அவளுக்கு ஒரு மனிதன் இருந்தான். அவனை இல்லையென்று சொல்ல, நான் கண்டது போதுமா? இருக்கிறான் என்று சொல்லத்தான் போதுமா? நீங்கள் சொல்லச் சொன்னதும் நினைவில் வந்தது. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டதோ, அதனால்தான் கேட்காமல் விட்டாளோ, அதுவும் எனக்கு விளங்கவில்லை.

"சொல்லுங்கோ அப்பு. செல்லையா?"

"செத்திட்டார்."

"மனுசி?"

"அவவும் செத்திட்டா. கொடிகாமத்திலை."

"மூத்த மகன்?"

"வவுனியாவிலை. போன வருசத்துக்கு முதல் வருசம்."

"அப்ப உயிரோடை ஒருத்தரும் இல்லை எண்டு போடட்டோ?"

பவளத்தின் கை சில்லில் நின்றது.

"இல்லை தம்பி. ஒராள் இருக்கு. எழுதும்" என்றேன். "செல்லையா தவராசா."